பெண் கேப்டன் ஆகக் கூடாதா?

விண்கப்பல் கதை கடைசி நாளில் சறுக்கியது!

நீலகிரியில் விடிந்ததும் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், எந்தப் பக்கம் போனாலும் பெண்கள் வரிசையாகச் சரிவில் ஏறிக்கொண்டிருப்பார்கள். காலைக் குளிர், மழை, அட்டைக்கடி, திடீரென்று எதிரே வந்து நிற்கும் காட்டெருமை எல்லாம் அவர்களுக்குப் பழகிப் போனவை. கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை.

அந்த வரிசைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் நிற்பாரே, அவர் யார்? பெரும்பாலும் அவர் ஆண்.

"ஏன் அப்படி?" என்று கேட்டால், பதில் தயாராக இருக்கும். "பெண்ணுக்கு நிர்வாகம் வராது. கோபம் வந்தால் கத்துவாள். கஷ்டம் வந்தால் அழுவாள்!"

மலையிலும் சமவெளியிலும் சொல்லிச் சொல்லிப் பழசான பேச்சு இது. இதையே விண்வெளிக்கும் கொண்டுபோய்ச் சொன்னார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா? சொன்னவர்கள் பிற்போக்கான மனிதர்கள் அல்லர். உலகத்துக்கே சமத்துவம் கற்பித்த ஒரு டெலிவிஷன் கதையை எழுதியவர்கள்!

விண்ணில் ஒரு குடும்பம்

அந்தக் கதையின் பெயர் "ஸ்டார் டிரெக்". 1966-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. டெலிவிஷனில் அது தொடங்கியது. வாரம் ஒரு கதை. 1980-களில் நம் நாட்டிலும் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது வந்தது. பக்கத்து வீட்டுப் பெட்டி முன்னால் பாய் விரித்து அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டி ஆகும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதைக் கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள்.

கதை இதுதான். சில நூறு ஆண்டுகள் கழித்து மனிதன் நட்சத்திரங்களுக்கு இடையே பயணம் செய்கிறான். "என்டர்பிரைஸ்" என்பது அவன் கப்பல். கேப்டன் பெயர் கிர்க். வில்லியம் ஷாட்னர் அந்த வேஷத்தில் நடித்தார். கூர்மையான காதும் உணர்ச்சி காட்டாத முகமும் கொண்ட ஸ்பாக் அவருடைய துணை அதிகாரி. வாய்த்துடுக்கான டாக்டர் மெக்காய் ஒருவரும் உண்டு.

கப்பலை ஓட்டுபவர்களில் ஒருவர் ஜப்பானிய வம்சத்தவர். இன்னொருவர் ரஷ்யர். அமெரிக்காவும் ரஷ்யாவும் கீரியும் பாம்புமாக இருந்த காலம் அது! தகவல் தொடர்பு அதிகாரி ஓர் ஆப்பிரிக்கப் பெண். பெயர் உஹுரா. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உரிமைக்காகத் தெருவில் போராடிக்கொண்டிருந்தபோது, ஒரு கறுப்பினப் பெண் விண்கப்பலின் அதிகாரியாக வந்து உட்கார்ந்தார்.

அந்த வேஷத்தில் நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். ஒரு கட்டத்தில் அவர் தொடரை விட்டு விலக நினைத்தார். அப்போது மார்ட்டின் லூதர் கிங்கே "விலக வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்கு இருந்த மதிப்பு அப்படிப்பட்டது.

மதிப்பு இருந்ததே தவிர, பார்க்கும் கூட்டம் போதவில்லை. நிறுத்திவிடலாம் என்று டெலிவிஷன் கம்பெனி யோசித்தது. ரசிகர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது ஆண்டும் கதை நடந்தது. ஆனால் செலவுப் பணத்தைக் குறைத்தார்கள். நேரத்தை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். தலைப்பிள்ளைக்குத் தங்கத் தொட்டில், கடைப்பிள்ளைக்குக் கோணிச் சாக்கு என்ற நிலை. மூன்றாம் ஆண்டுக் கதைகள் பலவும் சோடை போயின.

பணம் இல்லை என்றால் பொம்மைப் பாறையும் அட்டைச் சுவருமாக மேடை அமையும். அதை ரசிகர்கள் மன்னித்துவிட்டார்கள். மன்னிக்க முடியாத குறை கடைசிக் கதையில் வந்தது.

உடல் மாறிய கேப்டன்

மொத்தம் 79 கதைகள். கடைசிக் கதை 1969-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி வந்திருக்க வேண்டும். அன்று முன்னாள் ஜனாதிபதி ஐசனோவர் காலமானதால் தள்ளிப்போய், ஜூன் 3-ந் தேதி ஒளிபரப்பானது.

ஒரு கிரகத்தில் ஆராய்ச்சிக்காகப் போன கூட்டம் ஆபத்தில் இருக்கிறது என்று செய்தி வருகிறது. கேப்டன் கிர்க் அங்கே இறங்குகிறார். ஒரு பெண் படுத்துக் கிடக்கிறாள். பெயர் டாக்டர் ஜானிஸ் லெஸ்டர். படித்தவள். ஒரு காலத்தில் கிர்க்கும் அவளும் காதலர்கள்!

அவள் ஒரு மனக்குறையைச் சொல்கிறாள். கேப்டன்கள் உலகத்தில் பெண்களுக்கு இடம் இல்லை, இது அநியாயம் என்கிறாள். கிர்க் என்ன சொல்கிறார் தெரியுமா? அநியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறார்!

நல்ல கதை ஒன்று அந்த நிமிஷத்தில் பிறந்திருக்க வேண்டும். அநியாயம் என்று கேப்டனே ஒப்புக்கொண்ட பிறகு, அடுத்த கேள்வி என்ன? "அப்படியானால் அதை மாற்ற நீ என்ன செய்தாய்?" இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் கிர்க் தலைகுனிந்திருப்பார். பார்ப்பவர்களும் யோசித்திருப்பார்கள்.

யாரும் கேட்கவில்லை. நோயாளியாகப் படுத்திருந்தது நடிப்பு. அந்தக் கிரகத்தில் பழங்கால இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு கிர்க்கின் உயிரைத் தன் உடலிலும், தன் உயிரைக் கிர்க்கின் உடலிலும் மாற்றிவிடுகிறாள். கூடு விட்டுக் கூடு பாயும் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதுமை இல்லை. கூடு பாய்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

கேப்டன் உடலில் புகுந்த லெஸ்டர் கப்பலுக்கு வருகிறாள். அதிகாரம் செய்கிறாள். கொஞ்ச நேரத்தில் கத்துகிறாள். மேஜையைக் குத்துகிறாள். பதறுகிறாள். சந்தேகம் கொண்ட ஸ்பாக், டாக்டர் மெக்காய், என்ஜினீயர் ஸ்காட் மூவருக்கும் மரண தண்டனை விதிக்கிறாள்! கப்பலில் இருப்பவர்கள் "இது நம் கேப்டன் அல்ல" என்று கண்டுகொள்கிறார்கள். முடிவில் உயிர்கள் தத்தம் உடலுக்குத் திரும்புகின்றன. லெஸ்டர் அழுது விழுகிறாள். மற்றப் பெண்களைப் போல் இவளும் நிறைவாக வாழ்ந்திருக்கலாமே என்ற பொருளில் கிர்க் பெருமூச்சு விடுகிறார். முற்றும்!

கேப்டன் ஆக ஆசைப்பட்ட பெண்ணுக்குப் பைத்தியம் என்று கதை தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதுவும் தொடரின் கடைசி வார்த்தையாக!

"லெஸ்டர் கொலைகாரி அல்லவா? கெட்ட பெண்ணைக் கெட்டவளாகக் காட்டினால் என்ன தவறு?" என்று சிலர் கேட்பார்கள். தவறு இல்லை. இந்தத் தொடரில் கெட்ட கேப்டன்கள், பைத்தியம் பிடித்த கேப்டன்கள் ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். எல்லாரும் ஆண்கள். அவர்களைப் பார்த்து "ஆண் அல்லவா, அதனால்தான் புத்தி கெட்டது" என்று யாரும் பெருமூச்சு விடவில்லை. கிர்க்கே எத்தனை முறை கத்தியிருக்கிறார், கோபத்தில் பாய்ந்திருக்கிறார்! அது வீரம். அதே கத்தலை உள்ளே ஒரு பெண் இருந்து கத்தினால் பதற்றமாம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கப்பலின் பெண் அதிகாரி உஹுரா இந்தக் கதையில் வரவே இல்லை. அவர் நாற்காலியில் இருந்திருந்தால், ஒரு சாட்சி உட்கார்ந்திருப்பது போல இருந்திருக்கும்.

துணைத் தலைவி தாதி ஆனார்

இந்தத் தவறு ஒரே நாளில் முளைத்தது அல்ல.

தொடர் தொடங்கும் முன்பு, மாதிரிக்காக ஒரு கதையை 1964-ம் ஆண்டு இறுதியில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். அதில் கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண். மேஜல் பேரட் அந்த வேஷத்தில் நடித்தார். அமைதியானவர், அறிவாளி, கேப்டன் இல்லாதபோது கப்பலை நடத்துபவர். டெலிவிஷன் கம்பெனி அந்த மாதிரியை ஏற்கவில்லை. இரண்டாவது மாதிரி எடுத்தபோது கூர்க்காது ஸ்பாக் தப்பினார். பெண் அதிகாரி காணாமல் போனார்!

மேஜல் பேரட் பிறகு அதே தொடருக்குத் திரும்பி வந்தார். எந்த வேஷத்தில்? ஆஸ்பத்திரித் தாதியாக. கடைசிக் கதையிலும் அவர் இருக்கிறார், மருத்துவ அறையில் டாக்டருக்கு உதவியாக. தாதி வேலை குறைந்த வேலை அல்ல. கப்பலை நடத்திய கையிலிருந்து அந்த வேலையைப் பிடுங்கியதுதான் குறை.

மலை முந்திக்கொண்டது

"அந்தக் காலம் அப்படி. 1969-ல் யாருக்கு அவ்வளவு தூரம் தோன்றும்?" என்று சமாதானம் சொல்வார்கள். இந்தச் சமாதானம் நீலகிரியில் எடுபடாது.

1962-ம் ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் நீலகிரித் தொகுதி மக்கள் யாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்? அக்கம்மா தேவியை. படகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி அவர். அமெரிக்காவில் கதை எழுதியவர்கள் பெண் தலைவி உண்டா என்று தயங்குவதற்கு 7 ஆண்டு முன்பே, மலைமேல் இருந்த விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள்!

1963-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி ரஷ்யாவின் வாலண்டினா தெரஷ்கோவா விண்ணில் ஏறினார். பூமியை 48 தடவை சுற்றினார். அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான். கேப்டனும் அவரே, ஓட்டுநரும் அவரே. 1966-ல் இந்திரா காந்தி நம் நாட்டின் பிரதமர் ஆனார். அதற்கு முன்பே, 1960-ல், இலங்கையில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா உலகத்தின் முதல் பெண் பிரதமர் ஆகியிருந்தார்.

ஸ்ரீமாவோ பெயரைக் கேட்டால் நீலகிரியில் சில வீடுகளில் முகம் சுருங்கும். காரணம் உண்டு. 1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி அவரும் நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. இன்றைய "டான்டீ" அதன் தொடர்ச்சி.

பெண் ஆட்சி செய்தால் எல்லாம் தாய்மையும் கருணையுமாக இருக்கும் என்று யாராவது சொன்னால், இந்தக் குடும்பங்கள் சிரிக்கும். அந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்து பெண்ணுடையது, ஒரு கையெழுத்து ஆணுடையது. தவறு என்றால் இருவருக்கும் பங்கு உண்டு. சேலையோ வேட்டியோ அதற்குக் காரணம் அல்ல. கடைசிக் கதையை எழுதியவர்களுக்கு எட்டாமல் போன விஷயம் இதுதான். பெண் கேப்டன் நல்லவளாகவும் இருக்கலாம், பொல்லாதவளாகவும் இருக்கலாம். ஆண் கேப்டனும் அப்படியே.

47 நாள் கழித்து

கடைசிக் கதை வந்த 47-வது நாள், 1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி, மனிதன் சந்திரனில் இறங்கினான். கதையில் கண்ட கனவு நிஜமானபோது, கதை முடிந்து போயிருந்தது!

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் அப்போது விஞ்ஞானி கோவிந்த் சுவரூப் தலைமையில் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ரேடியோ டெலஸ்கோப்! 1970-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. மலைச்சரிவைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, சரிவும் ஏறத்தாழ அவ்வளவு, 11 டிகிரி. அதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே பக்கமாகத் திருப்பினால் போதும், வானத்து நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தேயிலைக்குப் பயன்பட்ட சரிவு வானத்துக்கும் பயன்பட்டது.

சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றை அந்த டெலஸ்கோப் ஆராய்கிறது. அதே சூரியனை ஆராய நம் நாடு 2023-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி "ஆதித்யா எல்-1" என்ற விண்கலத்தை அனுப்பியது. 15 லட்சம் கிலோமீட்டர் பயணம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் யார்? செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. பெண்! 2012-ல் போன "ரிசாட்-1" செயற்கைக்கோள் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் அரியலூரைச் சேர்ந்த வளர்மதி. அவரும் பெண்! இரண்டு கலங்களும் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. யாரும் மேஜையைக் குத்தியதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவிலும் காலம் திரும்பியது. 1977-ல் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்க நாசா ஆள் தேடியபோது, பிரசாரத்துக்கு யாரை அழைத்தார்கள் தெரியுமா? உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸை! கடைசிக் கதையில் இல்லாமல் போனவர் நிஜ விண்வெளிக்கு ஆள் சேர்த்தார். 1995-ல் வந்த "ஸ்டார் டிரெக்" வரிசைத் தொடர் ஒன்றில் கேப்டன் ஒரு பெண். 1999-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் "கொலம்பியா" விண்கலத்தை ஐலீன் காலின்ஸ் என்ற பெண் தளபதியாக இருந்து நடத்திச் சென்றார். சந்திரனில் கால் வைத்து அப்போது சரியாக 30 ஆண்டு.

மழை பெய்த இரவு

விண்வெளி தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பார்க்கலாம்.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீலகிரியில் பேய்மழை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னையில் ஒரு மழைக்காலம் முழுவதும் பெய்ய வேண்டிய மழை! மண் சரிந்தது. சாலைகள் துண்டாயின. மாவட்டம் முழுவதும் என்டர்பிரைஸ் கப்பல் மாதிரி ஆடியது. அப்போது கலெக்டராக இருந்தவர் இன்னசென்ட் திவ்யா. அவருக்கு முன்பு, 2000-களின் தொடக்கத்தில், கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைகளை மலையை விட்டு விரட்டும் வேலையைத் தொடங்கினார். இன்றும் ஊட்டிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குகிறார்களே, அந்தக் கண்டிப்புக்கு விதை அது.

மாவட்டத்தைப் பெண் நடத்தலாம், சூரியனுக்குப் பெண் கலம் அனுப்பலாம் என்றால், தேயிலை வரிசைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகம் பிடிக்கப் பெண்ணுக்கு என்ன தடை?

1976-ல் சம ஊதியச் சட்டம் வரும்வரை தோட்டங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. கொழுந்துக்கு மட்டும் ஆண் பறித்தது, பெண் பறித்தது என்று தனி விலை கிடையாது! சட்டம் கூலியைச் சரி செய்தது. பதவியைச் சரி செய்யவில்லை. பெண் மேற்பார்வையாளர்கள் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். ஆனாலும் தொழிற்சாலைப் பக்கமும் மானேஜர் பங்களாப் பக்கமும் போகப் போக ஆண்கள்தான் கண்ணில் படுகிறார்கள். தொழிற்சங்க மேடையிலும் நாற்காலிகளில் ஆண்கள், தரையில் பெண்கள் என்ற காட்சி மாறவில்லை.

மூணாறில் ஒரு முறை மாறியது. 2015-ம் ஆண்டு செப்டம்பரில் போனசைக் குறைத்தார்கள் என்று தோட்டத்துப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சங்கத் தலைவர்கள் வந்தபோது "நீங்கள் போங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! "பெம்பிளை ஒருமை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் சாலை ஸ்தம்பித்தது. கேட்ட 20 சதவிகிதம் கிடைத்தது. அன்று அவர்களும் கத்தினார்கள், அழுதார்கள், கையை ஓங்கினார்கள். யாருடைய உடலிலும் கூடு பாய அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை.

பழைய "ஸ்டார் டிரெக்" தொடரைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் குடும்பங்களில், கடைசிக் கதையை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விட வேண்டியதில்லை. லெஸ்டர் தன் குறையைச் சொல்லி, கிர்க் "அநியாயம்தான்" என்று ஒப்புக்கொள்ளும் இடம் ஆரம்பத்திலேயே வருகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, மேற்கொண்டு கதை எப்படிப் போக வேண்டும் என்று வீட்டில் உள்ள பெண்பிள்ளைகளைச் சொல்லச் சொல்லலாம். 1969-ல் எழுதியதைவிட நல்ல கதை நிச்சயம் வரும்.